சும்மா பார்க்கிறவன் யார்?

தமிழில் ‘சும்மா’ என்ற ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு வாழ்க்கைகள் இருக்கின்றன. அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில், போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே நிற்கிற யாரிடமாவது “என்னப்பா பண்றே?” என்று கேட்டுப் பாருங்கள். “சும்மாதாண்ணே, பாத்துக்கிட்டிருக்கேன்” என்பார். அந்தச் சும்மாவுக்குள் நாற்பது நிமிடம் போயிருக்கும். ஒரு கல்யாண வீடியோ, ஒரு கொலைச் செய்தி, ஒரு பிரியாணி, ஒரு கடன் விளம்பரம், அழுகிற ஒரு குழந்தை எல்லாம் வந்து போயிருக்கும். எதுவும் மனதில் தங்கியிருக்காது.

அங்கிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் திருச்சுழி. குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில், அதன் பக்கத்தில் சுந்தர மந்திரம் என்கிற வீடு. 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற பையன் பிறந்தது அந்த வீட்டில்தான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்த அவர், திருவண்ணாமலையில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னதும் ‘சும்மா இருப்பது’ பற்றித்தான். ரமணர் சொன்ன சும்மாவில் கவனம் முழுசாக ஒருவனிடமே இருக்கிறது. பேருந்து நிலையத்துச் சும்மாவில் கவனம் முழுசாக இன்னொருவன் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும்.

இந்தக் கட்டுரை பக்தியைப் பற்றியதல்ல. ‘நான் யார்?’ என்ற சிறு நூலை, கவனத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். அதே விஷயத்தைப் பற்றி இன்று புத்தகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் ‘டிஜிட்டல் டீடாக்ஸ்’ நூல்களின் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். அந்த நூல் எங்கே போதாமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

*

முதலில் அந்தப் புத்தக அலமாரி. நிர் எயால் என்ற அமெரிக்கர் 2014இல் ‘ஹூக்ட்’ என்று ஒரு நூல் எழுதினார். ஓர் ஆப்பை மக்கள் திரும்பத் திரும்பத் திறக்கும்படி எப்படி வடிவமைப்பது என்பதற்கான கையேடு அது. தூண்டல், செயல், எப்போது கிடைக்கும் என்று சொல்லமுடியாத பரிசு, கொஞ்சம் நம் உழைப்பையும் உள்ளே போடவைப்பது என நான்கு படிகள். ஐந்து வருஷம் கழித்து, 2019இல், அவரே ‘இன்டிஸ்ட்ராக்டபிள்’ என்று இன்னொரு நூல் எழுதினார். கவனச்சிதறலிலிருந்து தப்பிப்பது எப்படி என்பது அதன் பொருள். தூண்டிலைச் செய்து விற்றவரே மீனுக்கும் வகுப்பெடுக்கிறார். இதை வெறும் கிண்டலாகச் சொல்லவில்லை. இரண்டு நூல்களுக்கும் அடியில் ஒரே மனிதப் படம்தான் இருக்கிறது: மனிதன் என்பவன் பழக்கங்களின் மூட்டை, சரியான பொத்தானை அழுத்தினால் சரியாக இயங்குவான். முதல் நூலில் பொத்தானை நிறுவனம் அழுத்துகிறது. இரண்டாவதில் நாமே அழுத்திக்கொள்கிறோம்.

கால் நியூபோர்ட்டின் ‘டிஜிட்டல் மினிமலிசம்’ (2019) இதைவிட நேர்மையான நூல். அவசியமில்லாத ஆப்களை 30 நாள் விட்டுவிடுங்கள், பிறகு எது உண்மையிலேயே தேவையோ அதை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஆனால் அந்த நூலை வாசிக்கும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட வாசகரின் முகம் தெரிகிறது. தனி அறை இருப்பவர், ஓய்வு நேரம் இருப்பவர், போனை அணைத்தால் வருமானம் அணையாதவர். அருப்புக்கோட்டையில் சேலை நெய்கிற ஒருவருக்கு வாட்ஸ்அப்தான் ஆர்டர் புத்தகம். டிசைன் படம் வருவதும் அதில், பாக்கி கேட்பதும் அதில், ஜிபேயில் காசு விழுந்த சத்தம் கேட்பதும் அதில். 30 நாள் விட்டுவிட்டால் தறியையும் விட்டுவிட வேண்டியதுதான். யோஹான் ஹாரியின் ‘ஸ்டோலன் ஃபோகஸ்’ (2022) இந்த இடத்தைத் தொடுகிறது. கவனம் நம்மிடமிருந்து திருடப்படுகிறது, ஆகவே தனிமனித ஒழுக்கம் மட்டும் போதாது, சமூகமாகக் கேட்கவேண்டியவை இருக்கின்றன என்கிறார். நல்ல வாதம். ஆனால் சட்டம் மாறும்வரை இன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு என்ன செய்வது என்பது பற்றி அவரிடம் இருப்பதும் அநேகமாக அதே பட்டியல்தான்.

இந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்வி ‘எவ்வளவு நேரம்?’ என்பது. ஸ்க்ரீன் டைம் எத்தனை மணி, நோட்டிஃபிகேஷன் எத்தனை, இடைவெளி எத்தனை நாள். கணக்கு முக்கியம்தான். ஆனால் பேருந்து நிலையத்தில் நிற்பவரிடம் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது என்று சொன்னால் அவர் ஆச்சரியப்படுவார். அவர் நாற்பது நிமிடம் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்யவே இல்லை. முடிவு செய்கிற ஆள் அந்த நாற்பது நிமிடமும் அங்கே இல்லை.

*

அந்த ஆளை எப்படி வெளியே அனுப்புகிறார்கள் என்பதற்கு ஒரு தறியைப் பார்த்தால் போதும். எங்கள் ஊர்ப்பக்கம் விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஊடை அறுந்தால் தறி நின்றுவிடும். அதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. தறிக்காரர் எழுந்து போய், இழையைப் பார்த்து, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டவேண்டும். தார் தீர்ந்தாலும் நிற்கும். சேலை முடிந்தாலும் ஓர் எல்லை. அந்த ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மனிதன் உள்ளே வருகிறான். தண்ணீர் குடிக்கிறான், மணி பார்க்கிறான், போதும் என்று நினைத்தால் எழுந்துபோகிறான்.

புத்தகத்தில் அத்தியாயம் முடியும், செய்தித்தாளில் பக்கம் முடியும். பழைய இணையத்திலும் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. 2006இல் ஆஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, பக்கம் முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். ஒரு பொத்தானை எடுத்ததில் என்ன போச்சு என்று தோன்றலாம். ஊடை அறுந்தாலும் நிற்காத தறியை நினைத்துப் பாருங்கள். துணி வந்துகொண்டே இருக்கும். அதில் குறுக்கிழை இருக்காது.

நடாஷா டவ் ஷூல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகாஸின் சூதாட்ட இயந்திரங்களைப் பல வருஷம் ஆய்ந்து 2012இல் ‘அடிக்‌ஷன் பை டிசைன்’ எழுதினார். இந்த அலமாரியில் எனக்கு மிகப் பிடித்த நூல் இதுதான். முக்கியமான காரணம், அது வாசகனுக்கு எந்த அறிவுரையும் சொல்வதில்லை. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஜெயிப்பதற்காக ஆடவில்லை என்று ஷூல் காட்டுகிறார். தொடர்ந்து ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள். காசு, நேரம், உடம்பு, வீடு எல்லாம் மங்கிப்போன ஒரு மண்டலம் அது. பெரிய பரிசு விழுந்தால் சிலருக்கு எரிச்சல்கூட வருகிறது, ஏனென்றால் ஆட்டம் நின்றுபோகிறது.

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் உறவில் ஒரு தம்பி நினைவுக்கு வந்தான். ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறவன். ஏதோ ஓர் ஆன்லைன் ரம்மி ஆப்பில் கூலியை விட்டான், பிறகு கடன் வாங்கி விட்டான், பிறகு அக்காவின் நகையை. சித்தப்பா போனைப் பிடுங்கி வைத்தார். அவன் வேறு போன் வாங்கினான். ஒருநாள் நிதானமாக இருக்கும்போது அவனே சொன்னான்: “ஜெயிக்கிறதுக்கு எங்கண்ணே ஆடினேன்? ஆடுற நேரத்துல நான் இருக்கமாட்டேன். அதுக்குத்தான்.” லாஸ் வேகாஸ் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.

ஆடுகிற நேரத்தில் நான் இருக்கமாட்டேன். திருச்சுழியிலிருந்து பிறந்த கேள்விக்கு நேர் எதிரான வாக்கியம் இது.

*

‘நான் யார்?’ நூல் உருவான விதமே விசித்திரமானது. 1902 வாக்கில் தென்னார்க்காட்டில் வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் சில கேள்விகளைக் கேட்டார். ரமணருக்கு அப்போது 22 வயது. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வயது. அவர் அந்நாட்களில் பேசுவதில்லை, எழுதித்தான் காட்டினார். பிள்ளை அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, இருபது வருஷம் கழித்து 1923இல் அச்சிட்டார். அழிந்துபோவதற்காகவே எழுதப்பட்டு, இருபது வருஷம் காத்திருந்து வெளிவந்த சில பக்கங்கள்.

ஒரு பிரதியாக அதன் முதல் குணம் அதன் சுருக்கம். இரண்டாவது குணம், அது தன்னையே முடித்துவைக்க விரும்புகிறது. நூல்களை வாசித்துக்கொண்டே போவதில் பயனில்லை, மனதை அடக்கவேண்டும் என்பதுதான் நூல்களின் சாரம் என்று தெரிந்தபிறகு இன்னும் எத்தனை வாசிப்பது என்று அதுவே கேட்கிறது. வாசகனை எழுந்து போகச் சொல்கிற பிரதி. ஃபீடின் நேர் எதிர் வடிவம் இது.

மூன்றாவது குணம்தான் முக்கியம். மனம் அலைவதை அது திட்டுவதில்லை. எண்ணம் எழுந்தால் அதை முடிக்கவும் போகாதே, அடக்கவும் போகாதே, ‘இது யாருக்கு எழுந்தது?’ என்று மட்டும் கேள் என்கிறது. எனக்கு என்று பதில் வரும். அந்த ‘எனக்கு’ யார் என்று திரும்பினால் எண்ணம் வலுவிழக்கும். மறுபடி எழும், மறுபடி கேள். கோட்டைக்குள் எதிரிகள் இருக்கிறவரை வெளியே வந்துகொண்டேதான் இருப்பார்கள், வரவர வெட்டு என்று ஓர் உவமை. எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே கிடையாது.

மூச்சடக்குவது பற்றியும் அந்த நூலில் வருகிறது. மூச்சு அடங்கியிருக்கிறவரை மனமும் அடங்கியிருக்கும். மூச்சு வெளியே வந்ததும் மனமும் பழையபடி வெளியே வந்து வாசனைகளின் பின்னால் அலையும். ஆகவே அது உதவிதான், தீர்வு அல்ல. இதை வாசிக்கும்போது எனக்கு 30 நாள் டீடாக்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. முப்பத்தோராவது நாள் என்ன ஆகும் என்று ஆப் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு உவமை யானை. சும்மா இராமல் எதையாவது துழாவிக்கொண்டே இருக்கும் யானையின் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால், அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடக்கும். மனதுக்கு ஒரு நாமத்தையோ ரூபத்தையோ கொடுப்பது அப்படி. இன்றைக்கு நம் கையிலும் ஒரு சங்கிலி இருக்கிறது. ஒரு வித்தியாசம்: இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் புதுசு. துதிக்கை பிடித்ததை விட்டு அடுத்ததைப் பிடிக்கும்படியே செய்யப்பட்ட சங்கிலி. யானை அமைதியாகத்தான் நடக்கிறது, பார்க்கிறவர்களுக்கும் தொந்தரவில்லை. வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது போனைக் கொடுக்கிறோமே, அந்த அமைதி.

ரமணர் இன்று ரீல்ஸாகவும் கிடைக்கிறார். பின்னணியில் புல்லாங்குழல், மலையின் ட்ரோன் காட்சி, 15 நொடியில் ஒரு பொன்மொழி, அடுத்த தள்ளலில் ஒரு கார் விளம்பரம். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் விமர்சகனாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘யாருக்கு?’ என்று கேட்பதற்குத் தேவைப்படும் அந்த இரண்டு நொடி இடைவெளியைத்தான் அந்த ரீல் தன் அடுத்த ரீலால் மூடுகிறது. பிரதியின் சொற்கள் அப்படியே இருக்க, பிரதி செய்யவேண்டிய வேலை மட்டும் இல்லாமல் போகிறது.

சரி, அந்த நூல் போதுமா? போதாது என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டவர் காலையில் வேலைக்குப் போகவேண்டியவர், பதில் எழுதியவர் அப்படியல்ல. ரமணருக்குச் சோறு மற்றவர்கள் கொண்டுவந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தறிக்கூடத்தில் கண் எரிய நிற்கிறவனிடம் ‘ஆசை யாருக்கு எழுந்தது என்று பார்’ என்று சொல்லிவிட்டு நாம் தூங்கப்போனால், தோல்வியை அவன் தலையில் வைத்துவிட்டுப் போகிறோம். உள்விசாரணை மட்டும்தான் வழி என்றால் அது நிர் எயாலின் இரண்டாவது நூலில் போய்த்தான் முடியும்.

இதில் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். ‘அடிக்‌ஷன்’ என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் போடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ரீல்ஸ் பார்ப்பது அதில் தனி நோயாக இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அதன் பெயரில் இருப்பது தொழில்நுட்பத்தின் ‘ஆரோக்கியமான பயன்பாடு’தான், நிறுத்துவது அல்ல. காசு கட்டி ஆடி, கடனில் மாட்டி, தூக்கம் போய், சாகலாமா என்று நினைக்கிற நிலையில் ஒருவர் இருந்தால் அவருக்குத் தேவை தத்துவம் அல்ல, மருத்துவர். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

*

வெளியிலிருந்து என்ன செய்யலாம் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தடை. எங்கள் வட்டாரத்துக்குத் தடையில் நல்ல அனுபவம் உண்டு. சீமைக் கருவேலத்தைக் கேளுங்கள்.

அமெரிக்கக் கண்டத்து மரம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நோக்கம் கெட்டது என்று சொல்லமுடியாது. மழையில்லாத மண்ணில் விறகும் வேலியும் ஆகும் என்றுதான். விறகு ஆனது, வேலி ஆனது, கண்மாய் ஆனது, காடும் ஆனது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அந்த மரத்தை அகற்றச் சொன்னபோது ஜேசிபிகள் ஓடின. இன்று திருச்சுழிக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலில் பாருங்கள். வெட்டின தூரிலிருந்து நாலு கிளை வந்திருக்கும்.

அதே மதுரைக் கிளைதான் 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக்கைத் தடைசெய்யச் சொன்னது. மூன்று வாரத்தில், ஏப்ரல் 24இல், அந்தத் தடை விலக்கப்பட்டது. பிறகு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு வேறு காரணத்துக்காக டிக்டாக்கை முழுசாகத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவில்தான் முதலில் இறங்கியது. தூர் அப்படியே இருந்தது, கிளைக்கு வேறு பெயர்.

ஆன்லைன் ரம்மியின் கதை இன்னும் நீளம். தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025 பிப்ரவரியில் அரசு வேறு வழியில் வந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாரும் உள்ளே நுழையமுடியாது என்று விதி. ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் மத்திய சட்டமே வந்து காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடைசெய்தது.

நான் அந்தத் தடையை எதிர்க்கவில்லை. தம்பியின் அக்கா நகையைப் பார்த்தவன் எதிர்க்கமுடியாது. காசு போவது நின்றிருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் அவன் இப்போதும் ராத்திரி தூங்குவதில்லை. ரம்மி இருந்த இடத்தில் ரீல்ஸ் இருக்கிறது. ‘நான் இருக்கமாட்டேன்’ என்கிற அந்த இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. தண்ணீர் நிற்கிற கண்மாயில் சீமைக் கருவேலம் லேசில் புதிதாக முளைப்பதில்லை. வருஷக்கணக்கில் காய்ந்து கிடக்கிற கண்மாயைத்தான் அது பிடிக்கிறது. வெட்டினதோடு வேலை முடியாது, கண்மாயில் தண்ணீர் நிற்கவேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் அதே கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டுத்தான் சாப்பிடுகின்றன. கெடுத்த மரமே சோறும் போடுகிறது. தறிக்காரரின் வாட்ஸ்அப் மாதிரி.

*

கவனம் என்பது என்ன மாதிரியான பொருள்? புத்தக அலமாரி அதைக் காசு மாதிரி பேசுகிறது: சேமி, முதலீடு செய், வீணாக்காதே. எனக்கு அது கண்மாய்த் தண்ணீர் மாதிரி தோன்றுகிறது. வருஷத்தில் சில நாள் பெய்கிற மழையைப் பிடித்து வைத்து மாதக்கணக்கில் ஓட்டவேண்டிய ஊர்கள் இவை. அந்தத் தண்ணீரை யாரும் மன உறுதியால் காப்பாற்றவில்லை. கரை இருந்தது, மடை இருந்தது, மிஞ்சினால் வெளியேறக் கலுங்கு இருந்தது. நிலக்காரர் தன் வயல் காய்கிறதே என்று ராத்திரியில் போய் மடையைத் திறந்துவிட முடியாது. திறக்க ஓர் ஆள் உண்டு, முறை உண்டு. தனக்கே எதிராகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஊர் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு.

இதைப் பொற்காலமாக்க வேண்டாம். மடை திறக்கும் வேலையைப் பிறப்பால் சிலர் தலையில் வைத்தது அந்த ஊர்தான். யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதையும் சாதிதான் பெரும்பாலும் தீர்மானித்தது. அந்த அதிகாரம் திரும்பவேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அமைப்பை மட்டும்: கட்டுப்பாடு என்பது ஆளுக்குள் இருக்கும் குணம் என்று நினைக்காமல், ஆட்களுக்கு நடுவே கட்டிவைக்கும் ஒரு பொருளாகப் பார்ப்பது.

அப்படிப் பார்த்தால் அந்த நள்ளிரவு விதி எனக்குத் தடையைவிடச் சுவாரசியமான யோசனையாகத் தெரிகிறது. அது ஒரு மடை. எடுத்தெறிந்த நிறுத்தத்தை மறுபடி பொருத்திய தறி. அதையே வீட்டுக்குள் கொண்டுவரலாம், அரசு ஆணை வேண்டியதில்லை. போன்கள் எல்லாம் ராத்திரி ஓரிடத்தில், படுக்கைக்கு வெளியே, சார்ஜ் ஏறட்டும். அப்பாவின் போனும் சேர்த்து. அப்பாவின் போன் கையில் இருக்கும்போது பிள்ளைகளின் போனைப் பிடுங்குவது மடை ஆகாது, வெறும் அதிகாரம். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு ஆர்டர் பார்க்க முறை வைத்துக்கொள்ளலாம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று. வாடிக்கையாளர்கள் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். தானாக ஓடும் அடுத்த வீடியோவை நிறுத்திவைக்கலாம். முடிகிற வடிவங்களைத் தேடிப்போகலாம்: ஒரு முழுச் சிறுகதை, ஒரு முழுப் படம், ஒரு முழு ஆட்டம். இவை எதுவும் ஒருவர் தனியாகச் செய்தால் நாலு நாள் நிற்கும். அறைத் தோழர்கள் இரண்டு பேர் பேசிவைத்துச் செய்தால் கொஞ்சம் கூட நாள் நிற்கும்.

உள்ளே என்ன செய்வது என்பதற்கு அந்த 22 வயதுக்காரர் எழுதிக்காட்டியதைவிடச் சிக்கனமான கருவி எனக்குத் தெரியவில்லை. கை போனுக்குப் போகிற அந்த நொடியில், கையைத் தடுக்காமல், ‘இது யாருக்கு வேணும்?’ என்று ஒருமுறை கேட்பது. பல சமயம் பதில் வரும்: தூக்கம் வருகிறவனுக்கு, பயந்திருக்கிறவனுக்கு, ஒரு மெசேஜுக்குக் காத்திருக்கிறவனுக்கு. அதன்பிறகும் போனை எடுக்கலாம். ஆனால் எடுக்கிற ஆள் அங்கே இருப்பான். ரமணர் இதைவிட வெகுதூரம் போகச் சொன்னார் என்பது தெரியும். எனக்கு வாசல்வரை போதும்.

மிச்சம் இருப்பது அந்தக் காலிக் கண்மாய். போனை வைத்தபிறகு வருகிற மதியம். மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’யை (2003) வாசித்தவர்களுக்கு இந்த மதியம் தெரியும். வேம்பலை என்ற ஊரில் வெயில் ஒரு பாத்திரமாகவே உட்கார்ந்திருக்கும். நாவல் சம்பவங்களால் நகர்வதைவிடப் பருவங்களால் நகரும். இன்றைய வாசகர்கள் சிலர் அதை ‘ஸ்லோ’ என்கிறார்கள். அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றும் நடக்காத நேரத்தை, கண்ணை எடுக்காமல், பக்கம் பக்கமாகத் தாங்கிக்கொள்ளப் பழக்குகிற நாவல் அது. கரிசல் எழுத்தின் பெரும் சொத்தே மழைக்குக் காத்திருந்தவர்களின் சலிப்புதான். அந்தச் சலிப்பிலிருந்துதான் ஊர்க்கதைகள் வந்தன, பழமொழிகள் வந்தன, திண்ணைப் பேச்சு வந்தது. இப்போது மழை வரும்வரை காத்திருக்கிற ஆள் யாரும் இல்லை. எல்லோரும் வேறெங்கோ இருக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை யாராவது “என்ன பண்றே?” என்று கேட்டு, வாயில் ‘சும்மா’ வந்தால், அந்தச் சொல்லை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். எந்தச் சும்மா? வெயில் தாழ இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. வேப்பமரம் அசையவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை. அதில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவர் நமக்கு வேண்டும்.